ஒத்தப் பிள்ளைக்காரிக்கு வீடு கிடையாது

வீடு காலியாத்தான் இருக்கு தாயி. வெளிய மாட்டியிருக்கிற போர்டு பொய்யில்ல. மாடியில ரெண்டு ரூம்பு, அடுப்படி, பாத்ரூம் எல்லாம் தனி. தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது. ஆனா உனக்குக் குடுக்க மாட்டேன்.

கோவிச்சுக்காத. புள்ள எத்தனைன்னு கேட்டேன், இவன் ஒருத்தன்தான்னு சொன்ன. அடுத்தது உண்டான்னு கேட்டேன், இதோட போதும்னு முடிவு பண்ணிட்டோம்னு சொல்லிட்ட. அத்தோட பேச்சு முடிஞ்சுபோச்சு. என் வீட்டுல ஒத்தப் பிள்ளைக்காரிக்கு இடமில்ல.

ஏன் அப்பிடிப் பாக்குற? இந்த அருப்புக்கோட்டையில மூணு பிள்ளைக்காரிக்கு எவன் வீடு குடுக்கான், சொல்லு. சுவத்துல கிறுக்கும், மாடியில தங்குதங்குன்னு குதிக்கும், கக்கூஸ் அடைச்சுக்கிரும்னு ஆயிரம் நொட்டை சொல்லுவான். அவன் சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா? எனக்கு நாலு பிள்ளைக்குக் கொறையாம இருக்கணும். அஞ்சாறு இருந்தா வாடகையக் கொறச்சுக்கூட விடுவேன். புரோக்கர் சிரிக்கான். கிழவிக்கு மறை கழண்டுபோச்சுன்னு டீக்கடையில பேசுறானாம். பேசட்டும். ஊரு வாய மூட உலைமூடியா இருக்கு?

சரி, வந்தது வந்துட்ட. வெயிலு மண்டையப் பொளக்குது. புள்ளைய இறக்கி விட்டுட்டு அந்த நாக்காலியில உக்காரு. ஃபேனப் போடுறேன். ஏன் குடுக்க மாட்டேங்கிறேன்னு தெரிஞ்சுக்கிட்டாவது போ. இல்லாட்டி நீயும் போயி மறை கழண்ட கிழவின்னு சொல்லுவ.

ஆட்டோக்காரன்கிட்ட என்னன்னு கேட்டு வந்த? பால்வாடி வீடுன்னா? பாத்தியா. எங்க வீட்டுக்காரரு நாப்பது வருசம் சேவுக் கடை வச்சிருந்தாரு. சேவுக்கடைக்காரர் வீடுன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான். பால்வாடி வீடாம். அந்தப் பேரு வச்ச மகராசி யாருன்னு நெனைக்க? இந்தா, ஜன்னல் வழியாப் பாரு. எதுத்தாப்புல பச்சை கேட்டுப் போட்ட வீடு. வாசல்ல ரோசாத் தொட்டி. அதுதான். இந்திராணி டீச்சர். என் கூடப்பிறந்தவ இல்ல, என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரர் தம்பி பொண்டாட்டி. டீச்சர்னாத்தான் தெருவுக்கே தெரியும். நானும் டீச்சர்னுதான் சொல்லுவேன். பேரச் சொன்னா நாக்கு கசக்கும்.

அவளுக்கு ஒரே மகன். எனக்கு எட்டு. தமயந்தி, சேர்மராசு, கற்பகம், செயக்கொடி, செல்வக்கனி, திருமால், அப்பறம்... இரு, திருமாலுக்கு முன்னாடி ஒருத்தி, புவனா. அப்பறம் கடைக்குட்டி மாரீசுவரன். எட்டாச்சா? ஆச்சு. எல்லாம் உசுரோட, ஒரு ஊனமில்லாம, நல்லா இருக்குதுக.

ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. தெரியாமப் பெத்ததில்ல. எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்காக, படிக்காத பொம்பள, வழி தெரியாமப் பெத்துப் போட்டான்னு. சுவரு சுவரா சிவப்பு முக்கோணம் போட்டு எழுதி வச்சிருந்த காலம் அது. நர்சம்மா வீடு தேடி வருவா. ரெண்டாவது பிறந்த ஒடனே வந்தா, மூணாவதுக்கு வந்தா, நாலாவதுக்கு வந்தப்ப நானே மோரு குடுத்து உக்கார வச்சு, "எம்மா, நானும் எங்க வீட்டுக்காரரும் பேசி வச்சுப் பெக்குறோம், நீ வீணா செருப்பத் தேய்க்காத"ன்னு சொன்னேன். ஏன்னா நான் ஒத்தப் பிள்ளை. எங்க அம்மா செத்தன்னைக்கு தலமாட்டுல நான் ஒருத்திதான் உக்காந்திருந்தேன். அப்பன் எங்கிட்டோ குடிச்சிட்டுக் கிடக்கான். அழுகிறவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. அக்கம்பக்கத்துக்காரி வந்து அழுதுட்டுப் போவா, அவளுக்கு வீட்டுல ஒல கொதிக்கும்ல? அன்னைக்கு நெனைச்சேன், எனக்குன்னு ஒரு வீடு வந்தா அதுல சத்தம் அடங்கவே கூடாதுன்னு. ஒரு கண்ணு கண்ணல்ல, ஒரு பிள்ளை பிள்ளையல்லன்னு சும்மாவா சொன்னாக?

டீச்சருக்கு இது புரியுமா? நான் நாலாவது உண்டாயிருந்தப்ப அவ இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தா. வந்த மூணாம் நாளு, என் வயித்தப் பாத்துட்டு, "இன்னுமாக்கா?"ன்னா. ரெண்டே வார்த்தை. நான் கறி அரிஞ்சுக்கிட்டிருந்தேன். அருவாமனையில கைய வெட்டிக்கிட்டேன். அப்பறம் வருசம் ஒண்ணு போக ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் அவ வாயில ஒரு சொல்லு இருக்கும். "கவருமெண்டு உங்க வீட்டுக்குன்னே ஒரு ரேசன் கடை தொறக்கணும்க்கா" என்பா. ஒரு நாளு எம்புள்ளைக வரிசையா பள்ளிக்கூடம் போகுதுக. இவ வாசல்ல நின்னுக்கிட்டு தபால்காரன்கிட்ட, "பால்வாடி கெளம்பிருச்சு"ன்னு சொல்லிச் சிரிச்சா. அன்னையில இருந்து அந்தப் பேரு ஒட்டிக்கிருச்சு. தபால்காரன் சொன்னான், பால்காரன் சொன்னான், எம்புள்ளைக கூடப் படிக்கிறதுக சொன்னுச்சு. செல்வக்கனி அழுதுக்கிட்டு வருவா.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிருவேன் தாயி. அந்த வீடு கட்டுனா பாரு, எதுத்தாப்புல. ரெண்டு பேரு சம்பளம், ஒத்தப் பிள்ளை, கட்ட மாட்டாகளா? பால் காய்ச்சுறதுக்கு என்னைய அழைக்க வந்தா. குங்குமத்த நீட்டிட்டு, "நீங்களும் அத்தானும் மட்டும் வாங்கக்கா. புது மொசைக்கு, பாலீசு இன்னும் காயல. புள்ளைகளுக்கு நானே சோறு குடுத்து விட்டுருறேன்"ன்னா.

கேட்டியா? சொந்தப் பெரியப்பன் புள்ளைக. தரை அழுக்காயிரும்னு வரக் கூடாதாம். அந்த மொசைக்க மிதிக்க தெருவுல போற நாயிக்கு உரிமை இருக்கு, எம்புள்ளைகளுக்கு இல்ல. எங்க வீட்டுக்காரரு, தம்பி வீடுன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டு வந்தாரு. நான் போகல. மத்தியானம் ஒரு தூக்குவாளியில சாம்பாரு சோறு, ஒரு இலையில ரெண்டு லட்டு வந்துச்சு. எட்டுப் பிள்ளைக்கு ரெண்டு லட்டு! அப்பிடியே கொண்டுபோயி மாட்டுக் கழனித் தொட்டியில கொட்டுனேன். இதுக வாசலப் பாத்துக்கிட்டு நின்னுச்சுக. கடைசிது ரெண்டும் லட்டு லட்டுன்னு ஒரே கத்து. தமயந்திதான் ரவையக் கிண்டி ஊட்டி அமத்துனா.

அன்னைக்கு மனசுக்குள்ள ஒரு சபதம் போட்டேன். என்னைக்காவது ஒரு நாளு இந்த இந்திராணி தெருவத் தாண்டி என் வாசலுக்கு வந்து, எம்புள்ளைகளக் குடுன்னு கேக்கணும். கேக்குறப்ப நான் நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி ஒரு கேள்வி கேக்கணும். அந்த ஒண்ணுக்காகவே நான் இம்புட்டு வருசம் உசுரோட இருந்தேன்னு வச்சுக்கயேன்.

உம்புள்ள எதையோ வாயில போடுறான் பாரு. சாவியா? கடிக்கட்டும், அதுல ஒண்ணுமில்ல.

தமயந்தியா? மூத்தவ. நாப்பத்தி மூணாகுது. அவளப் பத்தித்தான் டீச்சர் ஒரு தடவ சண்டைக்கே வந்துட்டா. எட்டாப்பு முடிச்ச ஒடனே தமயந்திய நிப்பாட்டிட்டேன். அப்ப திருமால் கைப்பிள்ளை, எனக்கு அடுத்தது வயித்துல. மூத்தது தாங்காம யாரு தாங்குவா? எந்த வீட்டுலதான் நடக்கல? இவ என்னமோ பெரிய நியாயக்காரி மாதிரி உள்ள வந்து, "பெத்தது நீங்க, வளக்கிறது அவளா?"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டா. "நல்லாப் படிக்கிற புள்ளக்கா, என் வீட்டுல வச்சுப் படிக்க வைக்கிறேன், அனுப்புங்க"ன்னா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். "உனக்கு இன்னொண்ணு பெக்கத் துப்பில்ல, எம்புள்ள கேக்குதோ"ன்னு கேட்டு வெளக்கமாத்தத் தூக்கிட்டேன். அவ பேயறைஞ்சாப்புல போனா. தமயந்தி அந்தா அந்தத் தூணுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. அவ எப்பவுமே வாயில்லாப் பூச்சி.

கல்யாணமா? அவளுக்கு ஆகல தாயி. வரன் வராம இல்ல. ராஜபாளையத்துல இருந்து ஒரு நல்ல வரன் வந்துச்சு, மில்லுல சூப்பர்வைசரு. அப்பப் பாத்து கற்பகத்துக்குப் பிரசவம், யாரு பாக்குறது? அடுத்தது வந்தப்ப சேர்மராசு பொண்டாட்டிக்கு ரெட்டப் பிள்ளை. அதுக்கப்பறம் இவருக்குச் சக்கரை வந்து கால எடுத்தாக. அப்பிடியே தள்ளிப் போச்சு. அவளுக்கும் கல்யாணத்துல அம்புட்டு இஷ்டமில்லன்னுதான் நெனைக்கேன். கேட்டதில்ல. கேட்டாலும் சொல்ல மாட்டா.

இவரு போனாரு, ஆறு வருசத்துக்கு முன்னாடி. சாவுன்னாலும் அப்பிடி ஒரு சாவு இந்தத் தெரு பாத்ததில்ல. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டையத் தூக்குறதுக்கு முன்னாடி பேரம்பேத்திக குளிச்சிட்டு ஈரத்துணியோட நெய்ப்பந்தம் பிடிச்சு மூணு சுத்து சுத்தி வரணும். வாழ்ந்து முடிச்சவனுக்கு அது ஒரு வெளிச்சம். பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை இல்லாமப் போறவன இருட்டுல போறான்னு சொல்லுவாக. எங்க வீட்டுக்காரருக்கு பதினோரு பந்தம் தாயி! சுத்தி வர எடம் பத்தாம பந்தல் காலப் பிடுங்கி தள்ளி நட்டாக. நெய்யி வீட்டுல இருந்தது பத்தாம கடைக்கு ஆள் ஓடுச்சு. நான் அழுதுக்கிட்டேதான் இருந்தேன். ஆனா ஒரக்கண்ணால டீச்சரப் பாத்தேன். அவ மகன் கனடாவுல இருக்கான், கல்யாணமே வேணாம்னுட்டான். அவ அந்தப் பதினோரு பந்தத்தையும் பாத்துக்கிட்டே நின்னா. யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

அந்தக் காலமும் வந்துச்சு. போன ஐப்பசி. கொழுந்தன் தர்மர், பாவம், அந்த மனுசன் நல்லவரு, அவரச் சொல்லக் கூடாது. மாத்திரை போட்டுக்கிட்டு உக்காந்தவரு அப்பிடியே சாஞ்சுட்டாரு. சரியா தீவாளி லீவு. எம்மக்க எல்லாம் குடும்பத்தோட இங்கதான் இருக்குதுக. திருப்பூர்ல இருந்து, மெட்ராசுல இருந்து, ஓசூர்ல இருந்து. வீடு நெறைஞ்சு கிடக்கு. கடவுளாப் பாத்து எனக்குன்னு நாள் குறிச்சுக் குடுத்த மாதிரி இருந்துச்சு.

எல்லாரையும் கூப்பிட்டு வச்சு சொன்னேன். "பெரியவங்க போங்க, மாலை போடுங்க, தூக்குங்க, யாரும் வேணாங்கல. புள்ளைக ஒண்ணுகூட இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது. அவ வரணும். வந்து வாயத் தொறந்து கேக்கணும்."

சேர்மராசு, "சித்தப்பாம்மா... சின்னப் பிள்ளையில சைக்கிள்ல வச்சு என்னைய டவுனுக்குக் கூட்டிட்டுப் போனவரும்மா"ன்னு முனகுனான். "புதுமனை புகுறப்ப மொசைக்கு அழுக்காயிரும்னாளே, அப்ப நீ எங்கடா இருந்த? லட்டு வருமான்னு வாசலப் பாத்துக்கிட்டு நின்ன"ன்னேன்.

ஐஸ் பெட்டியில வச்சுக் காத்திருந்தாக. கனடாக்காரன் மூணாம் நாளு காலையிலதான் வந்து எறங்குனான். ஒத்தையா நின்னு எல்லாத்துக்கும் முழிக்கான். சாயந்தரம் நேரமாகுது, தூக்கணும். சடங்கு செய்ற பெரியவரு, "பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைக வாங்க"ன்னு சத்தம் குடுக்காரு. யாருமில்ல. மறுபடி குடுக்காரு. கொட்டடிக்கிறவன் கொட்ட நிப்பாட்டிட்டான். தெரு பூராவும் திரும்பி என் வீட்டப் பாக்குது. நான் வாசல்ல கதவப் பாதி சாத்தி வச்சுக்கிட்டு நிக்கேன். எனக்குப் பின்னாடி கூடத்துல எல்லாப் புள்ளைகளும். தமயந்தி, மாரீசுவரனோட கைப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு என் பக்கத்துல.

வந்தா தாயி. அவளே வந்தா. புருசன் பொணம் பந்தல்ல கிடக்க, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, தெருவத் தாண்டி வந்தா. நடக்க முடியாம ஒருத்தி கையப் பிடிச்சிருந்தா. அப்பிடி எழுந்திரிச்சு வரக் கூடாதுன்னு ரெண்டு பொம்பளைக கத்துறாளுக, அவ கேக்கல. என் வாசல்ல வந்து நின்னு, "அக்கா"ன்னா.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். நெஞ்சு குளுந்து போச்சு. பொய் சொல்லல. நல்லா நிமிந்து நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி கேட்டேன். "எத்தன வேணும் டீச்சர்? எண்ணிச் சொல்லு. எங்கிட்ட நெறைய இருக்கு."

கனடாக்காரன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். அவ என் மூஞ்சியவே பாத்தா. அழுவான்னு நெனைச்சேன். கால்ல விழுவான்னுகூட நெனைச்சேன். விழுந்திருந்தா அம்புட்டுப் பேரையும் அனுப்பியிருப்பேன், நானும் கல்நெஞ்சுக்காரி இல்ல.

"ஒண்ணு போதும்க்கா"ன்னா.

எனக்குப் புரியல. ஒத்தப் பந்தமான்னு கேட்டேன்.

"பந்தத்துக்கு இல்லக்கா. அது இல்லாட்டிப் போகுது. தமயந்திய மட்டும் அனுப்புங்க. எம்பக்கத்துல உக்கார ஒரு ஆளு வேணும்"ன்னா.

எப்பேர்ப்பட்ட கைகாரி பாத்தியா? புருசன் செத்துக் கிடக்குற நேரத்துலயும் எங்க கை வைக்கணும்னு தெரிஞ்சிருக்கு. முடியாதுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள தமயந்தி, "இந்தாம்மா, பிடி"ன்னு இடுப்புல இருந்த பிள்ளைய என் கையில குடுத்துட்டா. குடுத்துட்டு செருப்புக்கூட மாட்டல, எறங்கிப் போயிட்டா. போயி அவ தோளப் பிடிச்சு அணைச்சுக் கூட்டிட்டுப் போயி தலமாட்டுல உக்கார வச்சு, தானும் ஒட்டி உக்காந்துக்கிட்டா.

அதோட விட்டாளா? அங்கன உக்காந்துக்கிட்டே இந்தப் பக்கம் திரும்பி, ஒரு குரல் குடுத்தா. பெரிய சத்தம்கூட இல்ல. "புள்ளைகளா, வாங்க, குளிச்சிட்டு வாங்க. தாத்தாவுக்குப் பந்தம் பிடிக்கணும்"ன்னா.

அம்புட்டுத்தான். என் கைக்கு அடியில நுழைஞ்சு, கதவ இடிச்சுக்கிட்டு, எல்லாம் ஓடிருச்சு. நில்லுங்கடான்னு கத்துறேன். ஒண்ணு திரும்பிப் பாக்கல. அதுக பிறந்ததுல இருந்து குளிப்பாட்டுனது அவ, சோறு ஊட்டுனது அவ, லீவுக்கு வந்தா அத்தை, பெரியம்மான்னு அவ பின்னாடியேதான் அலையும். என்னையக் கண்டா கும்பிட்டுட்டு ஓடிரும். புள்ளைக போச்சா, பின்னாடியே மருமக்கமாரு ஈரத்துண்டத் தூக்கிக்கிட்டு ஓடுனாளுக. மகளுகளும் போயிட்டாளுக. சேர்மராசு நெய்ச் சட்டியத் தூக்கிக்கிட்டுப் போறான், எந்த நெய்யி? என் அடுப்படியில இருந்த நெய்யி!

மாரீசுவரன் பிள்ளை அழ ஆரம்பிச்சிருச்சு. அழுகைன்னா வீலுவீலுன்னு. தோள்ல போட்டேன், தட்டுனேன், ஆட்டுனேன். ராராரோன்னேன். நிறுத்தல. அந்தப் பக்கம் கொட்டு முழங்குது, பந்தம் எரியுது, எம்பேரப்பிள்ளைக வரிசையா சுத்தி வருதுக. இந்தப் பக்கம் வெறும் வீட்டு வாசல்ல நான் ஒருத்தி, கையில அழுகிற பிள்ளை. தெரு பூராவும் பாக்குது. எட்டுப் பெத்தவ தாயி நான். ஒரு பிள்ளைய அமத்தத் தெரியல. எப்பிடித் தூக்கணும்னே கைக்குத் தெரியல. நான் பெத்துக் கீழ போட்டா அவ தூக்கிருவா, எனக்கு அடுத்தது இருக்கும், கடை வேலை இருக்கும், எங்க தூக்குனேன்? கடைசியில அது மூச்சடைச்சு நீலம் பாரிச்சிருச்சு. பயந்துபோயி, தமயந்தீன்னு கத்துனேன். கொட்டுச் சத்தத்துல கேட்டிருக்காது. கேட்டிருந்தா வந்திருப்பா. கேட்டிருக்காது.

யாரோ பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து வாங்கி, தண்ணி தெளிச்சு, சரியாப் போச்சு. அதையும் டீச்சர் கணக்குலதான் நான் எழுதியிருக்கேன். அவ வந்து கேக்கலைன்னா இம்புட்டும் நடந்திருக்குமா?

பதினாறு முடிஞ்சுச்சு. கனடாக்காரன் போயிட்டான். எம்மக்களும் அததுக ஊருக்குப் போயிருச்சுக. தமயந்தி மட்டும் திரும்பல. அந்தா, அந்த வீட்டுலதான் இருக்கா. நான் போயி வாசல்லயே நின்னு கூப்பிட்டேன், அந்த மொசைக்க நான் மிதிக்க மாட்டேன். "சித்திக்கு யாருமில்லம்மா"ன்னா. "எனக்கு மட்டும் யாருடி இருக்கா?"ன்னேன். "உனக்குத்தான் ஏழு பேரு இருக்காங்களேம்மா"ன்னா.

அவளாப் பேசுற பேச்சா அது? டீச்சர் சொல்லிக் குடுத்த பேச்சு. நாப்பத்தி மூணு வயசுல பத்தாப்பு பரிச்சை எழுதப் போறாளாம், டீச்சர் சொல்லிக் குடுக்காளாம். வீம்புக்குச் செய்றா. எம்பிள்ளையத் திருடி, அதுவும் என் கண்ணு முன்னாடியே வச்சுக்கிட்டு, தெனம் சாயந்தரம் ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு சிரிக்காளுக.

அதுக்குத்தான் தாயி இந்த போர்டு. இப்ப வெளங்குதா? நாலஞ்சு பிள்ளை இருக்கிற குடும்பமா வந்து இந்த மாடியில ஏறணும். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கத்தணும், குதிக்கணும், அழுகணும். பந்தடிச்சு அவ ரோசாத் தொட்டிய ஒடைக்கணும். பாடம் நடத்த முடியாம அவ காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கிறத நான் இந்த ஜன்னல்ல இருந்து பாக்கணும். பால்வாடின்னாளே, வச்சுக்கட்டும் பால்வாடிய.

மார்கழியில ஒருத்தி வந்தா, அஞ்சு பிள்ளை. கும்பிட்டு சாவியக் குடுத்தேன். மொத வாரம் ஜோரா இருந்துச்சு. அடுத்த வாரம் பாத்தா சத்தத்தக் காணோம். என்னடான்னு பாத்தா அஞ்சும் எதுத்த வீட்டு மொசைக்குல வரிசையா உக்காந்து எழுதிக்கிட்டு இருக்குதுக! தமயந்தி பணியாரம் சுட்டுக் குடுக்கா. அந்த மாசமே காலி பண்ணச் சொல்லிட்டேன். இந்தத் தடவ நல்லா விசாரிச்சு, எவ கூப்பிட்டாலும் போகாத பிள்ளைகளாப் பாத்து வைக்கணும்.

என்ன, அழுகுறான்? பசியா? நேரமாச்சுல்ல, நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்துட்டேன். பால் கேக்குறியா? பால் இல்ல தாயி. ஒத்தக் கட்டைக்கு என்னத்துக்குப் பாலுன்னு நிறுத்திட்டேன். வரக்காப்பிதான் குடிக்கிறது. சேவு இருக்கு, அது அவனுக்கு ஒறைக்கும்.

சரிடா, சரிடா ராசா. கத்தாத. இங்க குடு, நான் வச்சுக்கிறேன்... இல்ல வேணாம், என்னையக் கண்டு இன்னும் கத்துறான். நீயே வச்சுக்க, எங்கிட்ட நீட்டாத.

ஒண்ணு பண்ணு. வெயிலப் பாக்காம எதுத்த வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடு. கேட்டு சும்மாதான் சாத்தியிருக்கும். பால் இருக்கும், தமயந்தின்னு கூப்பிடு, ஆத்திக் குடுப்பா. அவ கையில குடுத்துரு, ஒரு நிமிசத்துல அமத்திருவா.

நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லிறாத.